துணியில் தங்கியது

குழம்பு கொதித்துவிட்டது, உப்பு பார்க்கத்தான் ஆளில்லை. சுண்டைக்காய் வத்தலை எண்ணெயில் போட்டதும் எழும்பிய வாசனை மூக்கு வழியாக நேரே போய் வயிற்றுக்குள் எங்கேயோ ஒரு கதவைத் தட்டுகிறது, உள்ளே இருக்கிறவள் எழுந்து வந்து திறக்கப் பார்க்கிறாள், நான் சாத்துகிறேன், மறுபடியும் தட்டுகிறது. ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினால் குடல் ஒன்றும் வெடித்துவிடாது, எனக்கும் தெரியும், ஆனாலும் நக்கமாட்டேன், கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் என்னை அப்படி வளர்க்கவில்லை. எதையாவது கடித்துத் தின்று ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. டின்னில் வருகிற மாவைத் தண்ணீரில் கலக்கினால் வருகிற பால், அது ஒன்றுதான், காலையில் கண் விழித்ததிலிருந்து படுக்கிற வரைக்கும் டம்ளர் டம்ளராக. ஆபரேஷனுக்கு முன்னால் குடல் ஓய்வெடுக்க வேண்டுமாம், உடம்பு தேறவும் வேண்டுமாம், இரண்டும் ஒன்றாக நடக்க வேண்டுமானால் இதுதான் வழியாம். என்னமோ என் குடல் இத்தனை வருஷமும் ஷிப்ட் பார்த்துக் களைத்துப்போன மாதிரி. குரோன்ஸ் என்று இந்தக் குடல் நோய்க்குப் பெயர். யாரோ ஒரு வெள்ளைக்காரன் பெயர். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டில் எந்தச் சாமானிலும் என் பெயர் இல்லை, கடைசியில் என் வயிற்றிலும் எவனோ பெயரைப் பொறித்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அடுப்பை அணைக்கிறேன். அணைத்த பிறகும் குழம்பு இரண்டு மூன்று தரம் குமிழி விடுகிறது, சொல்லி முடிக்காத ஆள் மாதிரி. இன்றைக்கு அடுப்படி என்னுடையது. அண்ணி இல்லை. என் வீட்டுக்காரரின் அக்கா ஞானாம்பாள், லால்குடியில் தன் வீட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்காகத் திருச்சிக்கு வந்திருக்கிறாள், வந்த நாளாய் என்னை அடுப்பங்கரைப் பக்கமே விடவில்லை, உட்காரு, படு, நடக்காதே, வெயிலில் நிற்காதே. இன்றைக்கு அவர்கள் பங்காளி வீட்டில் கல்யாணம், அக்காவும் தம்பியுமாகக் கிளம்பிப் போனார்கள், தம்பி அங்கிருந்து நேராகக் கடைக்குப் போய்விடுவார், அக்கா சாப்பிட்டதும் திரும்பிவிடுவேன் என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் போனாள். அவள் தெருமுனை திரும்பினதும் நான் வாணலியை எடுத்தேன். ராத்திரிக்குக் குழம்பு. சாயங்காலத்துக்கு மேல் எனக்குக் கரண்டியைத் தூக்கக்கூடத் தெம்பு இருப்பதில்லை, அதனால் இப்போதே. நாளைக்கு ரத்தப் பரிசோதனை. நாளைக்கு என்று நினைத்ததும் கை ஈரத்தை முந்தானையில் துடைக்கிறேன், ஈரம் இல்லை, துடைக்கிறேன்.

அம்மா வந்துவிட்டாள். இந்த நேரத்துக்குத்தான் வருவாள், வீட்டில் ஒருவரும் இல்லாத மத்தியானம், பின்கட்டுக் கதவுக்குப் பக்கத்தில் கிரைண்டருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச இடத்தில் குந்தியிருப்பாள். உயிரோடு இருந்தபோதே அவ்வளவு இடம்தான் போதும், அப்படிக் கரைந்துபோயிருந்தாள். பேய் என்று சொன்னால் சிஸ்டர் பெர்னதெத் பிரம்பை எடுப்பாள், ஆகவே பேய் இல்லை, வெறும் ஞாபகம், ஞாபகம்தான் குந்திக்கொண்டு துணி பிழிகிறது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்த துணி. நொய்யைக் குழைய வேகவைத்து, மத்தால் கடைந்து, துணியில் கொட்டி முறுக்கிப் பிழிவாள், கீழே இருக்கும் ஏனத்தில் சொட்டுச் சொட்டாக விழும், அந்தத் தெளிவுதான் அவளுக்குச் சாப்பாடு. வயிற்றுக்கு வேலை கொடுக்கக் கூடாது, நீர்க்கக் குடி, இன்னும் நீர்க்கக் குடி, இதை யார்தான் சொல்லவில்லை, அப்பா சொன்னார், எதிர்வீட்டு மாமி சொன்னாள், மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் சொன்னார். நோயாளிக்கு எவ்வளவு நீர்க்கக் கொடுக்கிறோமோ அவ்வளவு பாசம் என்று ஒரு கணக்கு. குடலில் டிபி என்றார்கள் அப்போது. டிபியோ, இதே வெள்ளைக்காரன்தானோ, எரித்துச் சாம்பலைக் காவிரியில் கரைத்த பிறகு யாரிடம் போய்க் கேட்பது. குடலில் ஓரிடம் சுருங்கிப்போய்விட்டது, வெட்டி எடுத்துத் தைக்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போனார்கள், தைத்தார்கள், தையல் பிரிந்தது. நான் பிளஸ் ஒன். பள்ளிக்கூடத்துக்கு ஆள் வந்து அழைத்துக்கொண்டு போனது, ஆஸ்பத்திரி வராந்தாவில் அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது, அவருக்குப் பக்கத்தில் யாரோ, யார் என்று இன்றைக்கும் தெரியாது, முகம் இல்லாத ஒரு குரல், உடம்பு ஏத்துக்கலை, என்று சொன்னது. உடம்பு ஏத்துக்கலை. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதையே வாங்கி வாங்கிச் சொன்னார்கள், காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, என்ன பண்றது, உடம்பு ஏத்துக்கலை. உடம்பு என்னவோ திமிர் பிடித்த மருமகள் மாதிரியும், சீர்வரிசையோடு வந்த எல்லாவற்றையும் அது வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்ட மாதிரியும். எனக்கு இப்போது அம்மாவைவிட வயது அதிகம். இந்தச் சமையலறையில் நாங்கள் இரண்டு பேர் இருந்தால் அவள்தான் சின்னவள்.

போன வாரம் அதே வாக்கியத்தை டாக்டர் சொன்னார். நல்ல மனுஷன்தான், கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத்தான் கெட்டதைச் சொல்கிறார். ரத்தத்தில் புரதம் ஏறவே இல்லைம்மா, எடையும் அசையலை, சில பேருக்கு இப்படி ஆகும், உடம்பு ஏத்துக்கலை போல. நான் அவர் மேஜையில் இருந்த பேப்பர் வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதற்குள் ஒரு சிவப்புப் பூ. அப்புறம் அவர் படம் வரைந்து காட்டினார். சுருங்கின இடத்தை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பதுதான் முறை, ஆனால் சத்தில்லாத உடம்பில் அந்தத் தையல் பிடிக்காது, பிரிந்தால் உயிருக்கு மோசம், அதனால் நாளைய ரத்தமும் இப்படியே வந்தால் தைக்கப்போவதில்லை, ஒரு முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து மலம் இறங்க ஒரு பை மாட்டிவிடுவோம், பின்னாடி பார்த்துக்கலாம். பின்னாடி என்பது எப்போது என்று என் வீட்டுக்காரர் கேட்டார், டாக்டர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். கூடவே இருந்த அந்த டயட்டீஷியன் பெண் ரெபெக்கா, என் மகளைவிடச் சின்னவளாக இருப்பாள், என்னை ஒரு பார்வை பார்த்தாள், ஆன்ட்டி நிஜமாவே எல்லா டம்ளரும் குடிக்கிறீங்களா, என்று. கேட்டாளே. என்னை. ஒரு பருக்கையை மிச்சம் வைத்தால் சாப்பாட்டுக் கூடத்தில் முட்டி போடவைக்கிற பள்ளிக்கூடத்தில் படித்தவளை. குடிக்கிறேனா என்று உங்கள் மெஷினைக் கேளுங்கள், உங்களுக்கு அதைத்தானே நம்பத் தெரியும் என்று இங்கிலீஷில் சொன்னேன், கோபம் வந்தால் எனக்கு இங்கிலீஷில்தான் வரும், அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது, சுருங்கட்டும். ஆனால் ஆட்டோவில் வரும்போது நினைத்தது தையலைப் பற்றித்தான். சிஸ்டர் பெர்னதெத்தின் ஊசிநூல் வகுப்பு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். நைந்துபோன ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்து, இதில் தை என்பாள். தைப்போம், அழகாக, சின்னச் சின்னத் தையலாக. எல்லாம் முடிந்த பிறகு இரண்டு விரலால் பிடித்து லேசாக, ரொம்ப லேசாக ஒரு இழுப்பு. டர்ரென்று போகும். தையல் போகாது, தையலுக்குப் பக்கத்துத் துணி போகும். நூல் நல்ல நூல், கை நல்ல கை, துணியில்தான் ஒன்றும் இல்லை. எத்தனையோ வருஷமாகிறது, அந்தச் சத்தம் இப்போது என் தொப்புளுக்குக் கீழே இருந்து கேட்கிறது, குனிந்தால் கேட்கிறது, தும்மினால் கேட்கிறது. பை வேண்டாம். செத்தாலும் சாகிறேன், பை வேண்டாம். இல்லை, சாகவும் வேண்டாம். இரண்டும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது, ஏத்துக்காத உடம்பை வைத்துக்கொண்டு.

ஃபிரிட்ஜைத் திறந்து அண்ணி கலக்கி வைத்துவிட்டுப் போன டம்ளரை எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். மூடிபோட்டு, அதன்மேல் ஒரு ஸ்பூனை வைத்து, சாமிக்கு நைவேத்தியம் மாதிரி வைத்திருக்கிறாள். அண்ணியைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாகச் சாப்பிட்டுத்தான் எனக்குப் பழக்கம், மாமனார், மாமியார், இவர், மகள், வந்தவர் போனவர், அப்புறம் நான், பாத்திரங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு. அதில் ஒரு வசதி உண்டு. நான் தின்கிறேனா இல்லையா என்று எவருக்கும் தெரியாது. வலிக்குப் பயந்து இரண்டு வாயோடு நிறுத்தினது, கக்கூசுக்கு ஓடினது, ரவிக்கையை வருஷா வருஷம் உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. மெலிஞ்சா அழகாத்தான் இருக்கே என்றார் இவர். அம்மாவும் கடைசியாகத் தின்கிறவள்தான். ஆனால் இந்த அண்ணி, என் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு மனுஷி, எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நான் வாய் வைப்பதிலிருந்து டம்ளரைக் கீழே வைக்கிற வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் எனக்கு. இவர் காப்பிக்குக் காத்திருப்பார், அவ குடிக்கட்டும் இரு என்பாள். அந்த நேரங்களில் எனக்குக் கண் கரித்ததை அவளிடம் சொன்னதில்லை, என்ன அண்ணி இது, ஜெயில் வார்டன் மாதிரி, என்றுதான் சொல்லியிருக்கிறேன். வார்டன்னே வெச்சுக்க, குடி, என்பாள். ஒன்றே ஒன்றுதான் அவளிடம் மறைத்தேன். பசி. ஆரம்பத்தில் பசிக்கும், அப்புறம் அடங்கிவிடும் என்று ரெபெக்கா சொல்லியிருந்தாள், எனக்கு அடங்கவில்லை, நாளுக்கு நாள் ஏறியது, விடியற்காலையில் பக்கத்து வீட்டு இட்லி ஆவிக்கு விழித்துக்கொண்டு தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். வயது ஐம்பதைத் தாண்டியும் தீனிப்பண்டாரம் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பெருந்தீனி பாவம். ஏழு பாவத்தில் ஒன்று, சிஸ்டர் கரும்பலகையில் எழுதிப்போட்ட வரிசை இன்றைக்கும் மறக்கவில்லை.

கால் டம்ளர் மிச்சம் இருக்கையில் கடிகாரத்தைப் பார்க்கிறேன், அடுத்ததற்கும் நேரமாகிவிட்டது, அண்ணியைக் காணோம், கல்யாண வீட்டில் பிடித்து உட்காரவைத்திருப்பார்கள். சரி, நானே கலக்கினால் என்ன, எனக்கென்ன கையா இல்லை. டின் மேல் தட்டில். ரெபெக்கா ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் செய்து காட்டினாள், டின்னுக்குள்ளேயே கிடக்கிற கரண்டி, தலைதட்டி ஆறு கரண்டி, இந்தக் கோடு வரை தண்ணீர், அவ்வளவுதான், இது ஒரு வித்தையா. கலக்குகிறேன். மாவு கரைகிறது, கரைந்து, ஸ்பூனோடு சேர்ந்து கனமாகச் சுற்றுகிறது. ஏதோ தப்பு. நான் எங்கேயோ தப்பாகப் போட்டுவிட்டேன், எண்ணும்போதே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தால் இப்படித்தான். கெட்டியாக, மஞ்சள் பாரித்து, உருகின ஐஸ்கிரீம் மாதிரி இருக்கிறது. இது இப்படி இருக்காது. இது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, ஒரு மாதமாக வேறென்ன குடித்தேன். இன்னொரு டம்ளரை எடுத்து மறுபடி கலக்குகிறேன், வாய்விட்டு எண்ணுகிறேன், ஒன்று, இரண்டு, எல்.கே.ஜி. பிள்ளை மாதிரி, தண்ணீரைக் கோட்டுக்குச் சரியாக, கண்ணைத் தாழ்த்தி மட்டம் பார்த்து. மறுபடியும் அதே கெட்டி. அண்ணி வைத்துவிட்டுப் போனதில் மிச்சமிருந்த கால் டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்க்கிறேன். எவர்சில்வர் சுவரில் ஓடி, ஒரு தடமும் இல்லாமல் இறங்கிவிடுகிறது, அடியில் என் முகம்கூடத் தெரிகிறது, அரிசி களைந்த தண்ணீர். புது டம்ளரைச் சாய்க்கிறேன். அது இறங்க மனசில்லாமல், சுவரை வெள்ளையடித்துக்கொண்டு, மெதுவாக இறங்குகிறது. அது வேறு மாவோ என்று பார்க்கிறேன், வீட்டில் இருப்பதே ஒரு டின்தான். ஒரு டின்தான். வாங்கி எத்தனையோ நாளாகிறது, இன்னும் பாதிக்கு மேல் கிடக்கிறது, பரவாயில்லையே ரொம்ப நாளுக்குக் காணுகிறது என்று நானே இவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். புது டம்ளரில் வாய் வைக்கிறேன். நாக்கில் அது உட்கார்ந்ததும் எனக்கு ஆஸ்பத்திரியில் அன்றைக்கு ருசி பார்க்கக் கொடுத்த சின்னக் கப் ஞாபகத்துக்கு வருகிறது, இதே ருசி, இதே கனம், அதற்குப் பிறகு வீட்டில் ஒரு தடவைகூட அது வரவில்லை, நான் நினைத்தேன் என் நாக்கு செத்துவிட்டது என்று. நோயில் நாக்கு சாகும் என்று நினைத்தேன். எதை வேண்டுமானாலும் நினைப்பேன், டம்ளரை மட்டும் ஒருநாளும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கமாட்டேன், கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் விழுங்கச் சொல்லித்தான் கான்வென்ட்டில் எங்களுக்குப் பழக்கினார்கள்.

அண்ணி, அண்ணி, என்ன காரியம் செய்தீர்கள். நாற்காலியில் உட்காருகிறேன், அவள் உட்கார்ந்து பார்க்கிற நாற்காலி. இங்கேயிருந்து பார்த்தால் எதிரில் இருக்கிற காலி இடத்தில் நான் தெரிகிறேன், கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, சமர்த்தாகத் தண்ணீர் குடித்துக்கொண்டு. ஆக, உடம்பு ஏத்துக்காமல் இல்லை. இதை இன்னொரு தரம் சொல்லிப் பார்க்கிறேன், நம்ப முடியாத நல்ல செய்தியை இரண்டாம் தரம் கேட்கிற மாதிரி. உடம்பு ஏத்துக்காமல் இல்லை. அதற்குக் கொடுக்கவே இல்லை. கொடு கொடு என்று அது தலையணையைக் கடித்தது, நான்தான் அதைப் பெருந்தீனி என்றேன். அப்படியானால் தேறும். கெட்டியாகக் குடித்தால் தேறும், துணி தேறும், தையல் பிடிக்கும், டாக்டரிடம் சொன்னால், இன்னும் கொஞ்சநாள் தள்ளிப்போட்டால், பை, பை இல்லாமலே, என்று நினைப்பு ஓடுகிற வேகத்தில் சிரிப்பு வந்துவிடுகிறது, வாயைப் பொத்திக்கொள்கிறேன், யாருமில்லாத வீட்டில். அப்போதுதான் அந்தச் சொட்டுச் சத்தம். குழாய் இல்லை, குழாயை இறுக்கித்தான் மூடியிருக்கிறேன். அம்மா பிழிந்துகொண்டிருக்கிறாள். அம்மா, உனக்கும் கொடுக்கவே இல்லையா. மணிக்கட்டு எலும்பு தெரிய முறுக்குகிறாள், தெளிந்த தண்ணீர் ஏனத்தில் விழுகிறது, துணிக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை தங்குகிறது. அந்த உருண்டை எங்கே போனது. நினைக்காதே. இங்கே வந்துதான் ஒவ்வொரு தடவையும் சிக்கிக்கொள்கிறது, வேறு ஏதாவது நினை, குழம்புக்கு உப்பு, நாளைக்கு ஆட்டோ, மகளுக்குப் போன் பண்ண வேண்டும், அவளும் புனேயில் நின்றுகொண்டுதான் தின்கிறாளோ என்னமோ. அந்த உருண்டை எங்கே போனது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் தட்டுக்கு முன்னால் உட்காருவேன், நீல யூனிஃபார்ம், வெள்ளைச் சாக்ஸ், அம்மா துணியைத் தட்டில் கவிழ்த்து உதறுவாள், மோர் விட்டுப் பிசைந்து, மாங்காய் ஊறுகாயை ஓரத்தில் வைப்பாள். தின்னு, சத்து பூரா இதுலதான் இருக்கு, என்பாள். நான் தின்பேன். அவள் குந்தி உட்கார்ந்து தன் டம்ளரைக் குடித்துக்கொண்டே நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சத்து பூரா இதுலதான் இருக்கு. தெரிந்து சொன்னாளா, எல்லா அம்மாக்களும் சொல்கிற மாதிரி வாய்க்கு வந்ததைச் சொன்னாளா. தெரிந்திருந்தால் ஏன் அந்தத் தண்ணீரைக் குடித்தாள். அந்தத் துணியை அலசிக் கொடியில் போடுவாள், கஞ்சிப் பசையில் அது விறைத்து, காற்றடித்தால் தகரம் மாதிரி சத்தம் போடும். துணிக்குக்கூட அவளைவிடத் தெம்பு இருந்தது.

கேட் சத்தம். செருப்பை உதறுகிற சத்தம், தாம்பூலப் பை கசங்குகிற சத்தம். என் வாயில் எல்லாம் தயாராக இருக்கிறது, இங்கிலீஷில் மூன்று வாக்கியம், தமிழில் அதைவிட மோசமாக ஐந்து, எனக்கு நாக்கில் எலும்பு கிடையாது என்று இந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அண்ணி உள்ளே வருகிறாள், பட்டுப்புடவை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருக்கிறது, காலைக்கூடக் கழுவாமல் நேராக என்னிடம்தான் வருகிறாள், மூன்றாம் பந்திவரை இழுத்துவிட்டார்கள், பாயசத்துக்கு நிற்காமல் ஓடி வந்துவிட்டேன், நீ குடிச்சியோ இல்லையோன்னு எனக்கு அங்கே ஒரு வாய் இறங்கலை, என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே மேஜையைப் பார்க்கிறாள். டம்ளரைப் பார்க்கிறாள். "யார் கலக்கினா, நீயா? என்னடி இவ்வளவு கெட்டியா, புண்ணுபட்ட வயிறு தாங்குமா?" சொல்லிக்கொண்டே, யோசிக்காமல், ஒரு மாதப் பழக்கத்தில் கை தானாகவே சொம்பை எடுத்துச் சாய்க்கிறது. நான் டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடுகிறேன். இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டிப் போதும் என்பார்களே, அப்படி. தண்ணீர் என் புறங்கையில் விழுந்து, விரல் இடுக்குகளில் ஓடி, மேஜையில் பரவுகிறது. அவள் சொம்பை நிமிர்த்தவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே நிற்கிறாள். தயாராக வைத்திருந்த எட்டு வாக்கியத்தில் ஒன்றுகூட வரவில்லை. "எங்கம்மாவுக்கும் இப்படித்தான் அண்ணி குடுத்தோம்," என்கிறேன், என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி கேட்கிறது, "நீர்க்க நீர்க்க. தையல் பிரிஞ்சதும் உடம்பு ஏத்துக்கலைன்னுட்டாங்க."

சொம்பு மேஜையில் உட்காருகிறது. அண்ணி நிற்கிறாள். அவள் கண் டம்ளருக்கும் டின்னுக்கும், டின்னிலிருந்து என் கழுத்தெலும்புக்கும் போய்ப் போய் வருகிறது, கணக்கு அவளுக்குப் புரிகிற நேரத்தை நான் அப்படியே உட்கார்ந்து பார்க்கிறேன், பார்க்கக் கூடாத ஒன்றைப் பார்ப்பது மாதிரி. முதல்நாள் நீ குமட்டினாய், அதனால்தான் மாவைக் குறைத்துக் கொஞ்சம் நீர்க்க விட்டேன், மறுநாள் சுலபமாகக் குடித்துவிட்டாய், சரி இதுதான் வயிற்றுக்கு ஒத்துப்போகிறது என்று, என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிடுகிறாள். கல்யாணத்துக்கு வைத்த மல்லிகை அவள் தலையில் வாடிப்போய், சமையலறை முழுக்கக் குழம்பு வாசனைக்கு மேல் அதுதான் நிற்கிறது. டாக்டர் போன வாரம் சொன்னபோது அவளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், பை மாட்டப்போகிறார்கள் என்றதும் சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள், எனக்காக ஒருவேளை சாப்பாட்டை விட்டுவிட்டாள். திட்டு விழும் என்று காத்திருக்கிற பிள்ளை மாதிரி நிற்கிறாள் என் வீட்டுக்காரரின் அக்கா, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் எதிரே, நான் எப்போதும் உட்காருகிற நாற்காலியில் மெதுவாக உட்காருகிறாள். "பசிச்சுதா உனக்கு?" என்று கேட்கிறாள். "இத்தனை நாளும்?" என்ன கேள்வி இது. இதை யாரும் யாரிடமும் கேட்டதில்லை, எங்கள் வீட்டில் கேட்டதில்லை, அந்த வராந்தாவில் கேட்டதில்லை, நானே என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. ஆமாம் என்று தலையை ஆட்டுகிறேன். "நாளைக்கு நானும் உள்ள வரேன்," என்கிறாள் அண்ணி, முந்தானையால் மேஜைத் தண்ணீரைத் துடைத்துக்கொண்டே, பட்டு முந்தானை, துடைத்துக்கொண்டே, "அந்த டாக்டர்ட்ட நானே சொல்றேன். என் கைதான் ஏத்துக்கலை, அவ உடம்பு இல்லைன்னு." எழுந்து போய், உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பை விட்டு நக்குகிறாள், உப்பு சரியா இருக்கு, என்கிறாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

நான் டம்ளரை எடுக்கிறேன். கண்ணை மூடவில்லை. கெட்டியாக, நிதானமாக, தொண்டையின் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று இறங்குகிறது, வயிற்றுக்குள் இருக்கிறவள் இந்தத் தடவை கதவைத் திறக்க ஓடி வரவில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறாள். வலிக்குமோ என்று காத்திருக்கிறேன். நாளைய ரத்தத்துக்கு இந்த ஒரு டம்ளர் எம்மாத்திரம், நாளைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றி வைப்பாரா மாட்டாரா, தள்ளிப்போட ஒப்புக்கொள்வாரா, சுருங்கின குடல் அதுவரை பொறுக்குமா, தெரியாது, ஒன்றும் தெரியாது. டம்ளர் காலி. உள்சுவரெங்கும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. அண்ணி தண்ணீர் விட்டு அலசிக் கொடுக்கவா என்பதுபோலப் பழக்கத்தில் சொம்புப் பக்கம் கையைக் கொண்டுபோய், சுட்டுக்கொண்டவள் மாதிரி எடுத்துக்கொள்கிறாள். நான் சுட்டுவிரலை உள்ளே விட்டு, சுற்றிலும் வழித்து, வாயில் வைத்துச் சப்புகிறேன், சாப்பாட்டுக் கூடத்தில் இதைச் செய்திருந்தால் அன்று முழுக்க முட்டிதான். மறுபடி வழிக்கிறேன். கிரைண்டர் பக்கத்தில் சொட்டுச் சத்தம் நின்றிருக்கிறது. அம்மா ஈரத் துணியை மடியில் வைத்துக்கொண்டு, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.